வீட்டை எழுதிக் கொடுக்க அவசரம், மற்றதற்கெல்லாம் தாமதம்

எங்கள் பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவர் பெயரில் வங்கியில் நல்ல தொகை டெபாசிட்டாகக் கிடந்தது. ஆனால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பெரியம்மா வளையலை அடகு வைத்தார். டெபாசிட் பெரியப்பா ஒருவர் பெயரில் மட்டும். அவருக்கோ பேச்சும் போய்விட்டது, நினைவும் தெளிவில்லை. இதில் வேடிக்கை, அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதி, பதிவும் முடித்திருந்தார்கள். அதற்கு மட்டும் யாரும் சோம்பல் படவில்லை.

இந்தத் தலைகீழ் வரிசையைப் பல வீடுகளில் பார்க்கிறேன். செட்டில்மென்டிலிருந்தே தொடங்கலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்த மலிவே பலரை இழுக்கிறது. உயிலை நினைத்தபோது மாற்றலாம். பதிவான செட்டில்மென்டை எழுதியவர் மனம் மாறினார் என்பதற்காகத் தானே ரத்து செய்துவிட முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

சிக்கல் 'நிபந்தனையோடு' என்ற சொல்லில். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளை நம்பி உட்கார வேண்டாம். 'எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை உணவு, இருப்பிடம், மருத்துவம் கவனிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு' என்ற பொருளில் இரண்டு வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். ஆயுள்கால அனுபவ உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பத்திரம் எழுதுபவர் பழைய நகலை அப்படியே அடித்துத் தருவார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதே சட்டத்தில் ஜீவனாம்சமும் கேட்கலாம்தான். ஆனால் அதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய், அதில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதே கஷ்டம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து இன்னொரு யோசனை வரும்: 'எல்லாத்தையும் எங்க பேருக்கு மாத்திடுங்கப்பா.' அமெரிக்காவில் மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் சொத்து இல்லாதவருக்கு முதியோர் இல்லச் செலவைக் கொடுக்கும். அங்கேயே பெரும்பாலும் முந்தைய 5 வருஷக் கைமாற்றத்தைத் தோண்டிப் பார்ப்பார்கள். இங்கே அப்படிச் செலவை ஏற்கும் திட்டமே கிடையாது. அப்பா பெயரைக் காலி செய்தால் அப்பாவிடம் காசு இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்து பவர், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். 'பவர் எழுதி வைச்சிருக்கேனே, பையன் பார்த்துப்பான்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகும். மறதி நோய் முற்றிய பிறகு, அதாவது பவர் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அது வெறும் காகிதம். நினைவிழந்த பிறகும் செல்லுபடியாகும் பவர் சில நாடுகளில் உண்டு, இந்தியாவில் இல்லை. கோமாவில் இருப்பவரின் சொத்தை விற்க வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, கணவரின் சொத்தை விற்க அனுமதித்தது. அதுவும் தனி நீதிபதி மறுத்து, மேல்முறையீட்டுக்குப் போன பிறகு.

ஆகவே அன்றாடச் செலவுக்கான பணத்தைப் பவரை நம்பி விடக்கூடாது. கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக, யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினிக்கு வேலை இறப்புக்குப் பிறகுதான், படுக்கையில் இருக்கும்போது அவரால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. இன்னொரு நுணுக்கம்: கூட்டு டெபாசிட்டாக இருந்தாலும், முதிர்வுக்கு முன்பு உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஒரே பெரிய டெபாசிட்டாக வைக்காமல் பிரித்து, சில மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நினைவு தெளிவாக இருந்து கைதான் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன்னால், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, கைநாட்டு வைத்தே எடுக்கலாம். கால் கட்டைவிரல் ரேகைகூடச் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 70 வயது ஆனவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் வருஷம் 5 லட்சம் வரை உண்டு, நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. வீட்டில் குளிப்பாட்டி, சோறூட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் ஆளின் சம்பளத்தை அது கொடுக்காது. தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் அப்படித்தான். பல வருஷம் இழுக்கும் செலவு அதுதான், அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கையில் ரொக்கம் இல்லை, வீடு மட்டும் இருக்கிறது என்பவர்கள் உடனே விற்கப் பார்க்கிறார்கள். 60 வயது ஆனவருக்கு, சொந்தச் சம்பாத்தியத்தில் வந்த, தானே குடியிருக்கும் வீட்டின் மேல் வங்கிகள் தலைகீழ் அடமானக் கடன் தருகின்றன. மாதாமாதம் பணம் வரும், இருக்கும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம், பின்னால் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் இது ஏனோ பிடிக்கவில்லை. வீட்டை வங்கியிடம் வைப்பது கௌரவக் குறைவாகத் தெரிகிறது போலும். ஒன்று மறக்காதீர்கள்: செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவருக்கு இந்த வழி கிடையாது, வீடு அவருடையதே அல்லவே.

அப்புறம், உடன்பிறந்தவர்கள் விஷயம். பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறார். நாளைக்குப் 'பணமெல்லாம் எங்கே போச்சு' என்ற கேள்வி அவரிடம்தான் வரும். செலவை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டோ எடுத்துப் போட்டுவிடுங்கள். அவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்கப் பெற்றோர் நினைத்தால் அதை உயிலில் எழுதட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. உடம்பு முடியாத நிலையில் எழுதினால், சுயநினைவோடு இருக்கிறார் என்று அதே தேதியில் ஒரு மருத்துவரின் சான்றிதழை வாங்கி உயிலோடு சேர்த்து வையுங்கள்.