விடிய விடிய கூத்துப் பார்க்க

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரதத் திருவிழா என்றால் முதலில் நோட்டீஸில் இரவு நாடக வரிசையைப் பாருங்கள். எல்லா இரவும் முடியாவிட்டாலும் துகிலுரிதலும் கர்ண மோட்சமும் விடக்கூடாதவை.

மதியமே தூங்கிவிடுங்கள், பின்னிரவு மூன்று மணிக்குத்தான் கண் சொக்கும். பாயை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே விரிக்காதீர்கள். முகவீணை என்ற சிறிய ஊதுகுழல் காதைத் துளைக்கும், வசனம் பிடிபடாது.

வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது டீக்குக் கிளம்பாதீர்கள். வருவது யார் என்பதை அந்தப் பாட்டுத்தான் சொல்லும், தவறவிட்டவர்தான் பக்கத்து ஆளை "இது யாரு?" என்று நச்சரிப்பார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நக்கலில் உள்ளூர்ச் சங்கதியும் வரும்.

துரியோதனன் போரில் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம் பகலில் நடக்கும். மண்ணால் செய்த பெரிய உருவத்தின் தொடைப் பக்கம் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். பீமன் அடிப்பது அங்கேதான். பிறகுதான் பாஞ்சாலி கூந்தல் முடிவாள்.