பாட்டில் பஞ்சு வைத்து குயில்ட் தைப்பது: கடையில் ஷீட் வாங்குவதிலிருந்து ஓரம் அடிப்பது வரை

மேல் துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஒரு தையல். குயில்ட் என்றால் இவ்வளவுதான். மேல் துணியை ஒட்டுப் போடுவதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நடுவில் வைக்கிற ஷீட், அதுவும் பழைய பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டிலை உருக்கிச் செய்த ஷீட்டாக இருந்தால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

தண்ணீர் பாட்டிலைக் கழுவி, சீவலாக நறுக்கி, உருக்கி, சல்லடை மாதிரி இருக்கும் துளைகள் வழியாக இழையாக இழுப்பார்கள். அந்த இழையைச் சுருள வைத்துத் துண்டாக வெட்டினால் பாலியஸ்டர் பஞ்சு. நம் ஊர் தலையணை, சோபா, ஜெர்கின் லைனிங் எல்லாவற்றிலும் இது ஏற்கெனவே இருக்கிறது. அதனால் 'குயில்ட் பேட்டிங்' என்று ஆன்லைனில் வெளிநாட்டுச் சரக்கைத் தேடி அலைய வேண்டாம். மெத்தை, சோபா சாமான் விற்கும் கடைக்குப் போய் 'ஃபைபர் ஷீட்' என்று கேளுங்கள், ரோலிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

வாங்கும்போது

முதலில் எடை. ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு, 100 முதல் 120 வரை போதும். 200 வாங்கினால் பார்க்கப் புசுபுசுவென்று இருக்கும், ஆனால் வீட்டுத் தையல் மெஷினின் கைக்குள் சுருட்டி நுழைக்க முடியாது. ஊட்டியில் இருப்பவர்கள் வேண்டுமானால் 200 வாங்கிக் கையால் தைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஷீட்டின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுத்துப் பாருங்கள். பஞ்சு கொத்தாகக் கையோடு வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல ஷீட்டில் ஒன்றிரண்டு இழைதான் வரும். இந்தச் சோதனையைக் கடைக்காரர் முறைத்தாலும் செய்யுங்கள், காரணம் கீழே வருகிறது.

மறுசுழற்சிப் பஞ்சா, புதுப் பஞ்சா என்று தொட்டுப் பார்த்தோ கொளுத்திப் பார்த்தோ சொல்ல முடியாது. இரண்டும் கரும்புகை விட்டு, உருகி, கெட்டியான மணியாகத்தான் நிற்கும். பச்சைப் பாட்டில் கலந்திருந்தால் லேசாகப் பச்சை தட்டும், அவ்வளவுதான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) என்ற மறுசுழற்சிச் சான்றிதழ் உள்ள சரக்கா என்று கேளுங்கள். அந்த முத்திரையைப் பொருளின் மேல் போட வேண்டுமானால் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். சில்லறைக் கடையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். மொத்த விற்பனையாளரிடம் காகிதம் கிடைக்கும்.

அளவு

பழகுவதற்கு 36 x 48 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டும் அடித்துணியும் நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக, அதாவது 40 x 52. நாற்பத்துநான்கு அங்குலப் பன்னா துணி நனைத்துச் சுருங்கிய பிறகும் இதற்குள் அடங்கும், அடித்துணியில் ஒட்டு வராது. துணி இரண்டையும் கண்டிப்பாக நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தித் துணி சுருங்கும், இந்த ஷீட் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் சலவைக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் சுருக்கம்.

ஷீட்டை நனைக்க வேண்டாம். ரோலில் விழுந்த மடிப்பு இருந்தால் தரையில் விரித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். போகாத மடிப்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஃபேனைப் போட்டுவிட்டால் எழுந்துவிடும்.

ஷீட் அகலம் போதவில்லையா? இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து, ஊசி நூலால் தளர்வாகக் குறுக்கும் நெடுக்குமாகத் தையுங்கள். ஏற்றித் தைத்தால் அந்த இடம் வரப்பு போலத் துருத்தும்.

இஸ்திரி: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

மேல் துணி, அடித்துணி இரண்டுக்கும் இஸ்திரி போடுவதெல்லாம் ஷீட்டை வைக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். அடுக்கிய பிறகு பெட்டியைத் தொடவே கூடாது.

பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும், இஸ்திரிப் பெட்டியின் காட்டன் குறி 200ஐச் சுற்றித்தான் இருக்கும், பிறகென்ன பயம் என்று கணக்குப் போடலாம். நானும் அந்தக் கணக்கோடுதான் ஆரம்பித்தேன். விஷயம் என்னவென்றால், ஷீட்டில் இருப்பது ஒரே வகை இழை அல்ல. அந்தப் பஞ்சு உதிராமல் ஒட்டி நிற்பதற்காக, சீக்கிரம் உருகும் இழையைக் கொஞ்சம் கலந்து சூட்டில் ஓட்டி எடுக்கிறார்கள். அது 110 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். துணிக்கு மேலே பெட்டியை அழுத்தும்போது அந்த இழை மறுபடி இளகி, பஞ்சு அமுங்கின நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பெட்டி அமர்ந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிடும், பிறகு எவ்வளவு உதறினாலும் எழும்பாது. நீராவி இன்னும் மோசம், உள்ளே வரை இறங்கும்.

சந்தேகம் இருந்தால் ஷீட்டில் உள்ளங்கை அளவு வெட்டி, இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, பாதியில் மட்டும் பெட்டியை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

நூலோட்டுவது

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருந்தால் போதும், இழுக்க வேண்டாம். அதன் மேல் ஷீட், அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் நீள நீளமாக நூலோட்டுங்கள், மூன்றும் நகராமல் பிடிக்கும் தற்காலிகத் தையல்தான் இது. ஊக்கு குத்தினாலும் ஆகும், ஆனால் இந்த ஷீட் வழுக்கும் ரகம், ஊக்குக்கு நடுவே துணி நகரும். ஒட்டும் ஸ்ப்ரே எனக்குப் பிடிக்காது. ஜன்னல் சாத்திய அறையில் அதை அடிப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

தையல்

14 நம்பர் புது ஊசி, தையல் நீளம் 3, பிரஷர் ஃபுட் அழுத்தத்தை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இருந்தால் பாதித் தலைவலி போச்சு. கூடுதல் சாமான் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள், ரோட்டரி கட்டர் எல்லாம் அப்புறம். நடுக்கோட்டை முதலில் அடித்து, அங்கிருந்து இருபக்கமும் 3 அங்குலத்துக்கு ஒரு கோடு. நான்கு வரை தாங்கும், ஆனால் வாரா வாரம் துவைக்கிற பொருள் என்றால் மூன்று நல்லது.

மெஷின் மக்கர் செய்தால் எம்பிராய்டரி நூலை எடுத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தாவில் பெரும்பாலும் அந்தத் தையல்தான். அதில் பஞ்சே கிடையாது, பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள்.

கருப்புத் துணியில் வெள்ளை ரோமம்

கிள்ளிப் பார்க்கச் சொன்னது இதற்காக. சரியாக ஒட்டாத இழை துணியின் நெசவு வழியாக வெளியே நீட்டும். பருத்திப் பஞ்சு என்றால் நுனி ஒடிந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் ஒடியாது. பிடித்து இழுத்தால் பின்னாலேயே இன்னும் நாலு இழை வரும். இழுக்காதீர்கள், மட்டமாகக் கத்தரியுங்கள். கருநீலம், கருப்பு போடுவதாக இருந்தால் நெருக்கமாக நெய்த துணியாக வாங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியக்கூடாது. மழுங்கின ஊசியும் இதற்கு ஒரு காரணம்.

ஓரம்

மிச்ச ஷீட்டையும் அடித்துணியையும் வெட்டிச் சமன் செய்து, துணியின் பன்னாவுக்குக் குறுக்கே வெட்டிய இரண்டரை அங்குலப் பட்டை வைத்துக் கட்டுங்கள். சுற்றளவு 168 அங்குலம், நாலு பட்டை போதும்போலத் தோன்றும். மூலைக்கும் ஒட்டுக்கும் சேர்த்தால் ஐந்து வேண்டும். பட்டையைக் குயில்ட்டில் வைக்கும் முன் நீளவாக்கில் மடித்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். வைத்த பிறகு நகத்தால் கீறி மடிப்பதோடு சரி.

பின்சேர்க்கை, கேள்விகள் வந்ததால்

ஒருவர் தலையணைக்கு அடைக்கும் உதிரிப் பஞ்சை வாங்கிப் பரப்பியிருக்கிறார். அது ஆகாது. வழுக்குவதற்காகவே சிலிக்கோன் பூசிய பஞ்சு, இரண்டே சலவையில் மூலையில் போய் உருண்டு கிடக்கும்.

திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டை வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: அப்படியே துண்டாக வைத்தால் கட்டி தட்டும். மில்லில் பிரித்துப் பஞ்சாக்கி, ஊசியால் குத்தி ஷீட்டாக்கியது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். எனக்கு அதுதான் கூடுதல் பிடித்தம், வியர்க்காது. ஆனால் இழை குட்டையாக இருக்கும், கோடுகளை 2 அங்குலத்துக்குக் கொண்டு வாருங்கள். கலர் துணுக்குகளும் இருக்கும், வெள்ளை மேல்துணி போட்டால் நிழலாடும்.

பிறந்த குழந்தைக்குத் தைக்கலாமா என்றால், தரையில் விரித்து விளையாட விடலாம். ஒரு வயது ஆகும் வரை தூங்கும்போது போர்த்த வேண்டாம், எந்தப் பஞ்சாக இருந்தாலும்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில், காயவைப்பது நிழலில். பாலியஸ்டர் துணுக்கு ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் தண்ணீரோடு போகும், பாட்டிலிலிருந்து வந்ததும் இதற்கு விலக்கில்லை. அதனால் அழுக்கானால் மட்டும் துவையுங்கள். டிரையர் வைத்திருப்பவர்கள் 'லோ' சூட்டைத் தாண்ட வேண்டாம்.

மெத்தைக் கடையில் ஷீட்டைச் சதுரமாக மடித்துக் கட்டித் தர வந்தால் தடுத்து, சுருட்டித் தரச் சொல்லுங்கள்.