எங்க லாட்ஜை மூடின கதை

லாட்ஜ்னா தங்குற லாட்ஜ் இல்லீங்க, ஃப்ரீமேசன் லாட்ஜ், அதாவது ஃப்ரீமேசன்ங்கிற பழைய சகோதரத்துவ சங்கத்தோட உள்ளூர் கிளை. நான் அதுல செக்ரட்டரி, கடைசி வருஷம் மீட்டிங்குக்கு ஏழு பேர் சேர்றதே பெரும்பாடு. 1961ல இந்தியாவுக்குன்னு தனித் தலைமை அமைப்பா கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா வந்தப்போ அதுல சேர்ந்த பழைய லாட்ஜ் வேற, மூட யாருக்கும் மனசே வரல.

சார்ட்டரை, அதாவது லாட்ஜ் நடத்த குடுத்த அனுமதிப் பத்திரத்தை, திருப்பி ஒப்படைக்கிறதுதான் பெரிய வேலைன்னு நெனச்சேன், ஃப்ரேமோட பின்னாடி கரையான் அரிச்சிருந்தது தவிர அது சுலபமா முடிஞ்சுது. சிக்கல் எங்கன்னா, வேற லாட்ஜ்ல சேரணும்னா சந்தா பாக்கி இல்லன்னு கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் வேணும், நாலு பேருக்கு மூணு வருஷ பாக்கி. பழைய நாற்காலி எல்லாத்தையும் வித்து, எல்லார்கிட்டயும் கேட்டுட்டு அந்தக் காசுல அடைச்சேன். கணக்கை மூடுறதுக்கு முன்னாடியே சர்டிஃபிகேட் போட்டுடுங்க, அப்புறம் கையெழுத்து போட ஆளே இருக்காது. எங்க லாட்ஜ்ல இருந்த 82 வயசு அண்ணன் ஒருத்தருக்கு ராத்திரி கண்ணு தெரியாது, அவருக்குன்னு பகல்ல கூடுற லாட்ஜா தேடிப் பிடிச்சு, முதல் நாள் நானே கூட்டிட்டுப் போனேன், மீட்டிங்ல இடுப்புல கட்டுற ஏப்ரனை மஞ்சப்பையில மடிச்சு வச்சிருந்தாரு.