ஜட்டியில் மலம் கசியும் குழந்தைக்கு என்ன செய்வது?

நாலு வயதைத் தாண்டிய பிள்ளையின் ஜட்டியில் அடிக்கடி மலக்கறை இருந்தால், பேதி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது நாள்பட்ட மலச்சிக்கல்தான். ஒருமுறை வலியோடு வெளிக்குப் போன குழந்தை, அடுத்த முறை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்க மலம் இறுகிப் பருக்கிறது. மலக்குடல் விரிந்து உணர்வு மங்குகிறது. இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் குழந்தைக்கே தெரியாமல் கசிகிறது. அதற்காக அடிப்பதும் திட்டுவதும் அநியாயம். நுனிக்காலில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவந்தால், அது முக்குவதல்ல, அடக்குவது.

முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன் கீரையும் பழமும் கூட்டினால் அடைப்பின் மேல் இன்னும் சேரும், அவ்வளவுதான். குழந்தை மருத்துவர் பார்த்து உறுதி செய்தபின், மலத்தை இளக்கும் மருந்தான பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடரை உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம், தினமும் 3 முதல் 6 நாள் கொடுப்பது வழக்கம். 15 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 15 முதல் 22 கிராம். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இந்த நாட்களில் கசிவு கூடும், அதனால் பள்ளி விடுமுறையில் தொடங்குவது நல்லது. ஆசனவாயில் சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைக்க வேண்டாம். புண்ணாகி பயம்தான் கூடும்.

பிறகு அளவு கிலோவுக்கு சுமார் 0.4 கிராமாகக் குறையும். தினமும் வலியில்லாமல், மிருதுவாகப் போக வேண்டும் என்பதே இலக்கு; அதற்கேற்ப மருத்துவர் கூட்டிக் குறைப்பார். குறைந்தது 2 மாதம் தொடரும். தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு மாதமாவது கழிந்தபின் மெல்ல மெல்லக் குறைக்கலாம். “பழகிவிடும்” என்று பயந்து பாதியில் நிறுத்துவதால்தான் பல வீடுகளில் கசிவு திரும்புகிறது.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் பாதம் ஊன்ற முக்காலி போடுங்கள். கால் தொங்கினால் முக்க வராது. வந்ததோ இல்லையோ, உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் வையுங்கள்.

பிறந்து 48 மணி நேரம் கழித்தே முதல் மலம் போயிருந்தாலோ, வயிறு உப்பினாலோ, பச்சை வாந்தி, எடைக் குறைவு, கால் பலவீனம், முதுகடியில் குழி இருந்தாலோ பவுடரைத் தொடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.