வலையோடு நோயும் குளம் மாறாமல் இருக்க

ஒரு குளத்தில் வீசிய வலையை ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு போய் அடுத்த குளத்தில் வீசாதீர்கள். மீன் உடம்பில் சிவப்புப் புண்களை உண்டாக்கும் பூசணம் அந்த ஈரத்திலேயே கூட வந்துவிடும். 1988-ல் இந்தியாவில் தென்பட்ட நோய், இன்னும் விட்டபாடில்லை.

முதலில் முடிச்சுகளில் சிக்கிய சேறு, பாசி, செதில் எல்லாம் போக நன்றாக அலசுங்கள். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான். அழுக்கு இருந்தால் பிளீச்சிங் பவுடரின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வலையை 20 நிமிடம் அமுக்கி வையுங்கள். குளோரின் மீனுக்கு ஆகாது. அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அந்தக் கழிவுநீரைக் குளத்தில் கொட்ட வேண்டாம்.

பிறகு வெயிலில் விரித்துப் போடுங்கள். ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு கடைசியில்தான் காயும். அதை விரலால் அழுத்திப் பாருங்கள். காய்ந்ததும் நிழலுக்கு மாற்றிவிடுங்கள், நாள்கணக்கில் வெயில் பட்டால் நைலான் இற்றுப்போகும்.

தூண்டில் முள்ளுக்குப் பிளீச்சிங் வேண்டாம், துருப்பிடிக்கும். கை பொறுக்காத வெந்நீரில் 15 நிமிடம் போட்டுத் துடைத்துக் காயவைத்தால் சரி.