திருநெல்வேலி வெயிலில் ஒரு டாரன்டுலா: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

டாரன்டுலா வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டியின் பக்கத்தில் சூடேற்றும் தகடு வையுங்கள், அறையைக் கதகதப்பாக வைத்திருங்கள் என்றுதான் தொடங்குவார்கள். சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டை வீட்டுச் சுவரைத் தொட்டால் கை சுடும். நமக்கு அந்தத் தகடு எதற்கு? நம் பக்கத்தில் இந்தச் சிலந்திக்கு மூன்று ஆபத்துகள்: வெயில், எறும்பு, கொசு மருந்து. நான் படித்த குறிப்புகளில் இந்த மூன்றும் இல்லை. என் முதல் குஞ்சை எறும்புக்குப் பறிகொடுத்தேன். இப்போது இருப்பது இரண்டாவது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் வந்தது, இன்று கால்களை விரித்தால் என் உள்ளங்கை அகலம் இருக்கிறது. புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்காக, வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தச் சிலந்தி, யாரிடமிருந்து

அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைகளிலும் டாரன்டுலா வகைகள் உண்டு. போசிலோதீரியா என்ற பேரினத்துச் சிலந்திகள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரப்பொந்துகளுக்குள் வாழ்கின்றன. அவற்றைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. களக்காடு முண்டந்துறை 1988இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். அங்கிருந்து எந்த உயிரை எடுத்து வந்தாலும் குற்றம். காப்பகத்துக்கு வெளியே கண்டாலும் விட்டுவிடுங்கள். இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அழிவு அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பவர் நலனுக்காகவும் சொல்கிறேன்: இவை மின்னலாக ஓடும், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். புதியவர் கைக்கு ஏற்றவை அல்ல.

தொடக்கக்காரருக்கு ஏற்றவை அமெரிக்கக் கண்டத்து வகைகள். மெக்சிகோவின் செம்முழங்கால் டாரன்டுலா, ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கத்துச் சுருள்முடி டாரன்டுலா இரண்டும் நிதானமானவை, நிலத்தில் வாழ்பவை, சில நாள் கவனிக்காமல் போனாலும் பொறுத்துக்கொள்பவை. என்னிடம் இருப்பது செம்முழங்கால்.

வாங்கும்போது தாள்களைக் கேளுங்கள். செம்முழங்கால் சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினமும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதும் பதிவு விவரமும் தராதவரிடம் விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். பெண் செம்முழங்கால் இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. ஆண் பருவமடைந்த பிறகு ஓரிரு ஆண்டுகளே இருக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அவன் வேலைக்குப் போய்க் கல்யாணம் முடிந்த பிறகும் சிலந்தி வீட்டில் இருக்கும்.

இரண்டாம் படி: பெட்டி

நிலத்தில் வாழும் டாரன்டுலாவுக்கு உயரமான பெட்டி ஆபத்து. கனத்த, மெல்லிய தோல் கொண்ட வயிறு அதற்கு. ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து சாகலாம். வளர்ந்த சிலந்திக்கு நீளமும் அகலமும் முப்பது சென்டிமீட்டர் போதும். மண்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள வெளி, சிலந்தி கால் விரித்த அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். குஞ்சுக்குச் சிறு டப்பா போதும். பெரிய பெட்டியில் விட்டால் அது இரையைக் கண்டுபிடிக்கத் திணறும். காற்றுத் துளைகளை எதிரெதிர்ப் பக்கங்களில், குஞ்சு நுழைய முடியாத அளவில் போடுங்கள். கம்பிவலை மூடி வேண்டாம், கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும்.

அடியில் நிரப்ப நம் ஊரைப் போல வசதியான இடம் வேறில்லை. தேங்காய் நார்த்தூள்தான் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுகிறது, அது நம் தென்னந்தோப்பிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். நாற்றுப்பண்ணையில் வாங்கினால், வேப்பம் புண்ணாக்கோ உரமோ கலந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். செடிக்கு நல்லதான வேம்பு சிலந்திக்கு நல்லதில்லை. கையால் அழுத்தி, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். தோண்டிப் பதுங்குவது அதன் குணம்.

ஒளிந்துகொள்ள, சிறியதற்கு அரைச் சிரட்டை. பெரியதற்கு நான் காருகுறிச்சி மண்பானை உடைந்த துண்டு ஒன்றை விளிம்பு தேய்த்து வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் தட்டையான சிறு கிண்ணத்தில் தண்ணீர். அதற்குள் பஞ்சு போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அழுக்குச் சேரும், போடாதீர்கள்.

மூன்றாம் படி: பெட்டியை எங்கே வைப்பது

இதுதான் நம் ஊரில் உயிர் காக்கும் படி. இருபத்து நான்கிலிருந்து முப்பது டிகிரி வரை செம்முழங்காலுக்குச் சுகம். முப்பத்தைந்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். மே மாதத்தில் நம் மாவட்டத்தில் வெளியே நாற்பதை எட்டும் நாள்கள் உண்டு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் மேற்குச் சன்னலும் அடுப்பின் ஓரமும் கூடாது. பழைய வீடு என்றால் இரண்டாம் கட்டின் உள்ளறை நல்லது. கனத்த சுவர் வெயிலை உள்ளே விடாது. தரையோடு ஒட்டிய இடம் பரணைவிடக் குளிர்ச்சியானது. பத்து ரூபாய்த் தெர்மாமீட்டர் எதையும் நம்பாமல் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கிப் பெட்டியின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் மதியம் ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். சூடு ஏறினால் ஈரச் சாக்கைப் பெட்டிக்கு அருகே, அதைத் தொடாமல் விரிப்பேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்று வழியவிட்டு ஒரு மூலையை மட்டும் நனைப்பேன். பனிக்கட்டி, குளிர்சாதனக் காற்று நேராக அடிப்பது இரண்டும் வேண்டாம்.

எறும்புக்கு வருகிறேன். செத்த சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றைக் குஞ்சின் டப்பாவில் ஓர் இரவு விட்டுவிட்டேன். விடியும்போது காற்றுத் துளை வழியாக ஒரு கறுப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சில் மிஞ்சியது இரண்டு கால்கள். அதன் பிறகு என் ஆச்சிதான் வழி சொன்னார். பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது அவர் காலத்து வழக்கம். அதையே செய்தேன். சிறு முக்காலி, மூன்று கால்களுக்கும் மூன்று கிண்ணம், சுவரில் படாமல் நான்கு விரல் இடைவெளி. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். எறும்புப் பொடியையும் எறும்புச் சாக்கட்டியையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

காரணம், பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். மருந்துக்கு இரண்டும் ஒன்றே. கொசுவர்த்தி, மின்செருகியில் எரியும் கொசுத் திரவம், கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் தெளிப்பான் எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் சன்னலைச் சாத்துங்கள், பிறகு பெட்டியைப் போர்வையால் மூடி உள்ளறைக்குக் கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் அடுத்த அறையோடு நிறுத்தச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டேன்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கையடக்கமான, துளையிட்ட ஒரு டப்பா எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பது அன்று புரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நார்த்தூளில் பூஞ்சை வந்தால் அந்த இடத்தைக் கரண்டியால் அள்ளி எறிந்து, தண்ணீர் விடுவதைக் குறையுங்கள்.

நான்காம் படி: தீனி

வளர்ந்ததற்கு ஒரு வாரம் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு சுவர்க்கோழி. குஞ்சுக்கு வாரம் இருமுறை, சிறியதாக. இரை, சிலந்தியின் வயிற்றைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது. ஒரு நாளுக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

வயல்வெளியில் பிடித்த பூச்சியைப் போடவே போடாதீர்கள். கார் சாகுபடியோ பிசானமோ, வரப்பில் துள்ளும் பூச்சியின் உடம்பில் என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக் கரப்பானும் அப்படியே. தீனிக்கென வளர்த்தவற்றை வாங்குங்கள், அல்லது ஒரு வாளியில் முட்டை அட்டை, தவிடு, கேரட் துண்டு போட்டு நீங்களே சுவர்க்கோழி வளர்த்துக்கொள்ளுங்கள்.

டாரன்டுலா மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும். வயிறு உருண்டிருந்து, கிண்ணத்தில் தண்ணீரும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: கையில் எடுக்காமல் பழகுதல்

அதற்குத் தொடுதல் பிடிக்காது, உங்களை அடையாளம் கண்டு மகிழவும் செய்யாது. கையிலிருந்து தவறினால் சாவு. பெட்டிக்குள் வேலை இருந்தால் நீண்ட இடுக்கி. சிலந்தியை நகர்த்த, மேலே கவிழ்க்க ஒரு கண்ணாடிக் குவளையும் அடியில் செருக ஓர் அட்டையும். அமெரிக்க வகைகள் பின்கால்களால் வயிற்று ரோமத்தைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிக்கும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துச் சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அதனால் பெட்டிக்கு மேல் முகத்தை நீட்டுவது கூடாது. செம்முழங்கால் கடித்தால் தேனீ கொட்டியது போல வலிக்கும். மூச்சுத் திணறலோ உடல் வீக்கமோ வந்தால் அது ஒவ்வாமை, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறாம் படி: சட்டை உரிக்கும்போது

பாம்பைப் போலவே இதுவும் சட்டை உரித்துத்தான் வளரும். முதலில் தீனியை மறுக்கும். மந்தமாகும். வயிற்றில் ரோமம் உதிர்ந்த இடம் கறுத்து மினுங்கும். பிறகு வெண்ணூலில் ஒரு படுக்கை நெய்து, அதில் மல்லாந்து படுத்துவிடும்.

என் சிலந்தி முதல் தடவை அப்படிக் கிடந்ததைப் பார்த்தபோது ஆச்சி அது செத்துவிட்டது என்றார், பின்பக்கம் புதைத்துவிட்டு வரச் சொன்னார். எனக்கும் நெஞ்சு அடைத்தது. மூடியைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று பொருள். சாகும் டாரன்டுலா நிமிர்ந்தபடியே கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும், ஏனென்றால் உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் அதன் கால்கள் விரிகின்றன. அந்த அழுத்தம் போனால் கால்கள் மடங்கிவிடும். அப்படிச் சுருண்டதைக் கண்டால், அதன் வாய் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் படும்படி மெல்ல வையுங்கள். நீர்ச்சத்துக் குறைவு என்றால் பிழைக்கலாம்.

உரிக்கும் வேளையில் தொடாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பெட்டியை அசைக்காதீர்கள். உள்ளே உயிருள்ள இரை இருந்தால் மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மெத்தென்று கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துக் கொன்றுவிடும். குஞ்சு சீக்கிரம் முடித்துவிடும், பெரியது பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அன்றிரவு நானும் ஆச்சியும் விளக்கைத் தணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். பழைய சட்டையிலிருந்து கால்கள் ஒவ்வொன்றாக, கையுறையிலிருந்து விரல் வருவது போல வெளியே வந்தன. முன்பு ஒடிந்திருந்த காலின் இடத்தில் புதுக்கால் ஒன்று, சற்றே மெலிந்து, முளைத்திருந்தது.

முடிந்த பிறகு அதன் பற்களைப் பாருங்கள். முதலில் வெண்மை, அடுத்துச் சிவப்பு, கடைசியில் கறுப்பு. கறுக்கும்வரை தீனி வேண்டாம்: குஞ்சுக்கு ஒரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல். தண்ணீர் மட்டும் நிறைந்திருக்கட்டும். பற்கள் நன்றாகக் கறுத்த பிறகு, சிறியதாகப் பார்த்து ஒரு சுவர்க்கோழியை உள்ளே விடுங்கள்.