அடுத்த ஊர்த் தமிழ் பேசப்போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன முதல் வாரம், டீக்கடையில் காசு வாங்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ரொம்ப உரிமையோடு "ஏனுங்ணா, எவ்வளவுங்ணா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. திருநெல்வேலிக்காரனான எனக்குக் கோவைத் தமிழ் என்றால் சினிமாவில் கேட்ட அந்த 'ங்ணா'தான், அது 'ங்க'வும் 'அண்ணா'வும் ஒட்டிக்கொண்டது, பெண் என்றால் 'ங்க்கா' வரவேண்டும் என்பதெல்லாம் அப்போது உறைக்கவே இல்லை.

எல்லோரும் செய்கிற முதல் தவறு இந்தப் போலிப் பேச்சு. கொங்குக்காரர்கள் 'ங்க' போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 'ஆமாங்க', 'இல்லீங்க', 'வர்றேனுங்க' என்று பெரும்பாலும் பேச்சு முடிகிற இடத்தில் வரும். நாம்தான் சொல்லுக்குச் சொல் ஒன்றைத் தொங்கவிட்டு நக்கலாக்கிவிடுகிறோம். எங்கள் ஊர்ப் பேச்சும் இதேபோல அடிபடுகிறது. திருநெல்வேலி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "என்னலே, சௌக்கியமாலே" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், 'லே' ஒத்த வயதுக்காரனுக்கும் சின்னவனுக்கும்தான், அதுவும் பழகியவனுக்கு. பெரியவர் என்றால் 'அண்ணாச்சி', அவரைப் பற்றிப் பேசும்போது 'வந்தாவ', 'சொல்லுதாவ'. மரியாதையே இல்லாத தமிழ் என்று நினைப்பவர்கள் இந்த 'வ'வைக் கேட்டதே இல்லை.

உறவுச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். 'அப்பச்சி' என்றால் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் அப்பா, கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தா. 'ஆச்சி' எங்களுக்குப் பாட்டி, செட்டிநாட்டில் கல்யாணமான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் முப்பது வயதுப் பெண்ணை யாராவது ஆச்சி என்று கூப்பிட்டால், கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்து வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் பேசும்போது சிக்கலே தெரிந்த சொற்களில்தான் வரும். 'கெதியா வா' என்றால் என்ன என்று நாம் கேட்டுக்கொள்வோம், வேகமாக வா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் புரிந்த மாதிரியே இருக்கும், உண்மையில் திட்டிவிட்டார் என்று பொருள். நாம் பேசுவதை அவர்கள் 'கதைக்கிறது' என்பார்கள். 'பெட்டை' என்றால் பெண்பிள்ளை, வசவு கிடையாது. இதையும் இலங்கைத் தமிழ் முழுவதற்கும் பொதுவாக்கிவிடக் கூடாது, மட்டக்களப்புப் பேச்சு வேறு, மலையகத்தில் கேட்பது நம் பக்கத்துத் தமிழுக்கு நெருக்கமாக இருக்கும்.

அப்புறம் டிக்கெட்டுக்கு அவர்கள் எழுதும் 'ரிக்கற்', டிவிக்கு எழுதும் 'ரீவி'. தட்டச்சுப் பிழை என்று திருத்தப் போய் நானே அசடு வழிந்திருக்கிறேன். 'டிக்கெட்' என்று சொல்லிப் பாருங்கள், ட-வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தில் போய்த் தட்டும். ஆங்கிலேயர் அதைச் சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் ஈறுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் 'காற்று' என்பதன் 'ற்ற' பிறப்பதும் அந்த இடத்தில்தான். நாம் அதைக் 'காத்து' ஆக்கித் தொலைத்துவிட்டதால் ஆங்கில ஒலிக்குக் கையில் இருந்த ட-வை எடுத்துக்கொண்டோம், அவர்களிடம் ற இன்னும் உயிரோடு இருப்பதால் அதை வைத்து எழுதுகிறார்கள், சொல் முதலில் ற வராது என்பதால் அங்கே ர. உச்சரிப்புக்கு நெருக்கம் எது என்று பார்த்தால் நாம்தான் தள்ளி நிற்கிறோம்.

அடுத்த ஊர்ப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. மெதுவாகப் போ என்பதற்கு எங்கள் பக்கம் 'பைய போ' என்போம். சென்னையில் ஒரு நண்பன் இதைப் பட்டிக்காடு என்றான். திருக்குறள் 1098-இல் காதலி சிரிப்பதே 'பைய நகும்' என்றுதான் வருகிறது, அதைக் காட்டிய பிறகு கொஞ்ச நாள் அடங்கினான். சரி, அவனுடைய சென்னைத் தமிழையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'இன்னா', 'கீது' எல்லாம் ஏதோ குப்பத்து மொழி என்பார்கள், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் போனால் குடும்பம் குடும்பமாக அப்படித்தான் பேசுகிறார்கள். 'துட்டு' டச்சுக்காரர்களின் காசுப் பெயரிலிருந்து வந்தது, அதைத் திருநெல்வேலியிலும் நாள் முழுக்கச் சொல்கிறோம்.

ழ-வைப் பற்றிக் கேட்காதீர்கள். தெற்கே 'வாளப்பளம்', சென்னையில் 'வாயப்பயம்', யாரும் யாரையும் கேலி செய்கிற நிலையில் இல்லை. அதைவிட மோசம், ழ வராதோ என்ற பயத்தில் எல்லா ள-வையும் ழ ஆக்குவது. 'வாழ்க வழமுடன்' என்று அச்சடித்த பத்திரிகை என் வீட்டில் ஒன்று இருக்கிறது.

நானாகப் பேச முயன்றவரை வராத 'ங்க', மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனபோது தானாக வந்தது. சாப்பிட வா என்று கூப்பிட்ட ஆச்சியிடம் "வர்றேனுங்க" என்றேன். ஆச்சி சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்ல, நான் என்ன ஒனக்கு அடுத்த வீட்டுக்காரியா?"